தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம்

கவிதா நான்தான். அந்தோணியை ஏமாற்றியது நான்தான். உங்களிடம் சொல்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

திண்டுக்கல்லில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்த காலம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நானும் ஒன்று வைத்திருந்தேன். பக்கத்து பேட்டரிக் கடையில் அந்தோணி வேலை பார்த்தான். ஆசிட் தெறித்து அவன் சட்டையெல்லாம் பொத்தல். வேலை முடிந்ததும் என் கடைக்கு வந்து சாட்டிங்கில் உட்காருவான்.

சாட்டிங்கில் எவன் உண்மைப் பேரைச் சொன்னான்? நானும் விளையாட்டாகக் கவிதா என்று ஒரு பெண் பேரில் ஐடி திறந்தேன். ஓசிதானே! தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.

கோயமுத்தூரில் நர்சுக்குப் படிக்கிறேன் என்று அடித்தேன். அவன் பொய்யே சொல்லவில்லை. சொந்தப் பேர், பேட்டரிக் கடை, பொத்தல் சட்டை... அத்தனையும் அடித்தான்.

"மாப்ள, கோயமுத்தூர்க்காரி ஒருத்தி நல்லாப் பேசுறாளே! வெளிய சொல்லிராத" என்றான் என்னிடமே. அப்போதே சிரித்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, முடித்திருக்கலாம். ஏன் முடிக்கவில்லை?

தினமும் "சாப்டியா?" என்று கவிதாவிடம் கேட்பான். என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை... வேறு காரணம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்து ஊர் எரியோட்டில் அவனுக்குப் பெண் பேசி முடித்தார்கள். "வேணாம்னு சொல்லிரவா?" என்று கவிதாவைக் கேட்டான்.

"எனக்காகக் காத்திருங்க" என்று அடித்தேன். என் விரல்தான் அடித்தது!

கல்யாணம் நின்றது. அவன் அம்மா என் கடைக்கு வந்தார்.

"அப்பு, நீதான அவனுக்குக் கூட்டாளி. அந்தப் பொட்டிக்குள்ள அப்படி என்னத்தப் பாக்குறான்?"

"ஒண்ணுமில்லத்தே. கிரிக்கெட்டு."

"கிரிக்கெட்டுக்காகவா ஒருத்தன் பொண்ண வேணாம்பான்?"

நான் பிரிண்டரில் தாளைச் சரிசெய்தேன்.

மறுநாளிலிருந்து கவிதா வரவில்லை. மறந்துவிடுவான் என்று நினைத்தேன். என்ன மடத்தனம்! அவன் வந்தான், ஐடியைத் திறந்தான், காத்திருந்தான். வருஷக் கணக்கில்...

பிறகு அந்தச் சாட்டிங்கையே கம்பெனிக்காரன் மூடிவிட்டான். ஓசியில் கொடுத்தவனிடம் யார் போய்க் கேட்பது? அந்தோணி என் மேஜை முன்னால் வந்து நின்றான்.

"அம்புட்டுதானா மாப்ள?"

"அம்புட்டுதான்."

"இனி அவ தேடுனா, என்னைய எங்கலே தேடுவா?"

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. அன்றைய காசை வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடை இப்போது செல்போன் கடை. அவன் தனிக்கட்டை. அதே பேட்டரி, அதே பொத்தல்.

மத்தியானம் கதவோரம் எட்டிப் பார்த்து, "சாப்டியாலே?" என்கிறான்... என்னிடம்.

"ம்" என்கிறேன்.