‘வெந்நீர்வீடு’ என்ற பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது

மலையாளச் சீமையில், ஆரியசாலையில் நான் மதியம் சாப்பிடுகிற ஓட்டலில், மண்டை பிளக்கிற சித்திரை வெயிலிலும் இலைக்குப் பக்கத்தில் வெந்நீர்தான் வைப்பார்கள். வெறும் வெந்நீரும் அல்ல, பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த ரோஜா நிற வெந்நீர். இந்த ஊருக்கு வந்த புதிதில், எனக்குச் சாதாரணத் தண்ணீர் போதும் என்று பரிமாறுகிறவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “பச்சவெள்ளம் குடிச்சா வயறு கேடாவும் சாரே” என்று சொல்லிவிட்டு டம்ளரை மறுபடியும் வெந்நீரால் நிரப்பினார். என் வயிற்றைப் பற்றி என்னைப் பெற்றவள்கூட இவ்வளவு கவலைப்பட்டதில்லை. எனக்கு வெந்நீர் ஆகாது. அதற்குக் காரணம் வயிறு அல்ல, ஒரு பெயர். அந்தப் பெயரைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை என்று இருந்தேன். ஒரு செல்போன் செயலி அதைக் கிளறிவிட்டது.

நான் திருநெல்வேலிப் பக்கம். ஆரியசாலையில் தமிழ் வியாபாரிகளின் மொத்தக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் மலையாளத்தில் சண்டை போட்டு மலையாளத்தில் சமாதானம் ஆகிறவர்கள். எனவே, தமிழ் துருப்பிடித்துவிடக் கூடாது என்று தினம் காலையில் இணையத்தில் ஒரு தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிர் போடுவேன். அந்தத் தளத்தை மூடிவிட்டார்கள். அதே ஆட்கள் செயலி ஒன்றைத் தொடங்கி, எல்லோரும் புதிதாகச் சேர வேண்டும், சொந்தப் பெயர் கூடாது, ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். பழைய தளத்தில் என் பெயர் ஒரு எண். அந்த நிம்மதியும் போயிற்று.

முதலில் சேர்ந்தவர்கள் பட்டியலைப் பார்த்தேன். பொதிகைத் தென்றல். தாமிரபரணித் தாகம். நாஞ்சில் நிலவு. மண்வாசம், அவருக்குக் கீழே மண்வாசம்-2. படிக்கப் படிக்கப் பல் கூசியது. இவர்களில் பாதிப் பேரை எனக்கு நேரிலேயே தெரியும். எல்லோரும் இந்த ஊர்த் தமிழர்கள். ‘நாடோடிப் பறவை’ என்பவர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் குளிர்சாதன அறைக்குள் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில் ரயிலைப் பிடித்து, திங்கள்கிழமை காலையில் திரும்பிவிடுவார். அழுக்குத் துணியோடு போய் இட்லிப்பொடியோடு திரும்புகிற நாடோடியை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடல் தாண்டிப் போனவன் அழுதால் ஒரு நியாயம் உண்டு. மாம்பழம் வாங்கினால் பழுப்பதற்குள் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, பிரிவாற்றாமையாம்!

சரி, எனக்கு என்ன பெயர்? நான் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற கடையில் பில் போடுகிற பிஜுவிடம் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவன் நாற்பது வயதைத் தாண்டியவன், நல்ல மனிதன், அதுதான் அவனோடு தொல்லை. “அண்ணாச்சிக்கு எந்தினா வேற பேரு? அண்ணாச்சின்னு தன்னே போட்டா மதியல்லோ” என்றான், அதுவே போதுமே என்று. நான் விளக்கினேன். அண்ணாச்சி என்பது என் பெயர் இல்லை, இந்தத் தெருவில் தராசு பிடிக்கிற, வேட்டி கட்டுகிற, ‘ழ’வைச் சரியாகச் சொல்லாத அத்தனை பேரையும் நீங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள் என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. “அதே, எல்லாருக்கும் இஷ்டமுள்ள பேரல்லே!” என்றான். முப்பது வருஷமாக இந்த ஊரில் வரி கட்டுகிறேன். இவர்களுக்கு நான் ஒரு ரகம், ஆள் அல்ல.

எங்கள் ஊரில் புனைபெயர் வைத்துக்கொள்கிற வேலையே இல்லை. ஊரே வைத்துவிடும். என் தாத்தாவின் கல்யாணப் பந்தியில், அக்கினி நட்சத்திரத்தில், மாப்பிள்ளையாக மணையில் இருந்து எழுந்துவந்து இலைமுன் உட்கார்ந்தவர் குடிப்பதற்கு வெந்நீர் கேட்டார். தொண்டை சரியில்லை, அவ்வளவுதான். பரிமாறியவன் பந்தி முழுக்கக் கேட்கும்படி, “மாப்பிள்ளைக்கு வெந்நீராம்லே!” என்று கத்தினான். அன்றோடு தாத்தாவின் பெயர் போயிற்று. அவர் வெந்நீர், அப்பா வெந்நீர் மகன், நாங்கள் இருந்தது வெந்நீர் வீடு. தபால்காரர்கூடத் தெருமுனையில் விசாரிக்கும்போது அப்படித்தான் கேட்பார். ஒரு மனிதன் ஒருநாள் வெந்நீர் கேட்டதை மூன்று தலைமுறைக்குப் பேசிச் சிரிக்கிற அளவுக்கு வேலையற்ற ஊர் அது. அந்த ஊரை நினைத்துத்தான் தென்றலும் நிலவும் உருகுகின்றன.

எனக்கு ஒரே அண்ணன், சண்முகம். வெந்நீர் என்று கூப்பிட்டவனை அண்ணன் விட்டதில்லை. பள்ளிக்கூட மைதானத்தில், ரேஷன் கடை வரிசையில், கோயில் கொடை விழாவில் என்று எங்கே அந்தச் சொல் காதில் விழுந்தாலும் கையை ஓங்கிவிடுவான். கிழிந்த சட்டையோடு வந்து அம்மாவிடம் இன்னொரு அடி வாங்குவான். ஒரு சண்டையில் முன்பல்லில் ஒரு மூலை உடைந்து, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நான் அடிக்கவில்லை. நான் ஊரைவிட்டு வந்துவிட்டேன். வேலைக்காக வந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன், வெந்நீருக்காகவும் வந்தேன். வந்து சேர்ந்ததோ ஊரே வெந்நீர் குடிக்கிற சீமையில். இங்கே என் தாத்தா வாழ்ந்திருந்தால் அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

செயலியில் எதை எதையோ அடித்துப் பார்த்தேன், ஒன்றும் என் பெயராகத் தோன்றவில்லை. கடைசியில், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், ‘வெந்நீர்வீடு’ என்று அடித்தேன். அடித்ததும் மாலை நேரத்துத் தெருவும், புழுதியும், “ஏ வெந்நீரு, பந்தை இங்கிட்டுப் போடுலே” என்ற குரலும் வந்து நின்றன; கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் கேலி செய்கிற அத்தனை மண்வாசக்காரர்களும் இப்படித்தான் கண்ணைத் துடைத்திருப்பார்கள் என்று நினைத்ததும் எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அதற்குள் திரையில் பதில் வந்துவிட்டது: ‘இந்தப் பெயர் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. வேறு பெயரைத் தேர்ந்தெடுக்கவும்.’

உலகத்தில் வெந்நீர் வீடு ஒன்றுதான். அதில் பிறந்து மிச்சமிருக்கிற ஆண்கள் இரண்டே பேர். புதிருக்குக் கீழே எல்லோரும் கருத்து எழுதுகிற இடத்தைத் தேடினேன். ‘வெந்நீர்வீடு’ எழுதியிருந்தது: ‘இன்றைய புதிரை அமைத்தவர் காலையில் காப்பி கிடைக்காத கோபத்தில் இருந்திருக்கிறார். நமக்கு எதற்குத் தண்டனை?’ அண்ணனேதான். அந்த எகத்தாளம் எங்கள் வீட்டுச் சொத்து, வெளியாருக்கு வராது.

அண்ணனோடு நான் பேசி வருஷக்கணக்காகிறது. இதே ஊரில் நேமத்தில் நான் வீடு கட்டியபோது வாசலில் ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். இங்கே வீட்டுக்குப் பெயர் இல்லாவிட்டால் கேஸ் சிலிண்டர்கூட வராது. ‘ஆராமம்’ என்று மலையாளத்தில் பளபளவென்று ஒரு பலகை செய்து மாட்டினேன். ஆராமம் என்றால் பூந்தோட்டம். பால்காய்ச்சுக்கு ஊரிலிருந்து அண்ணன் வந்தான். என் கடைத்தெரு நண்பர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் நிற்கையில், பலகையின் அர்த்தத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, முற்றத்தை ஒருமுறை பார்த்தான்.

“என்னலே ஆராமம்? நிக்கது ஒத்தக் கறிவேப்பிலை. பேசாம வெந்நீர் வீடுன்னு எழுதிப்போடு, நாலு பேருக்கு அடையாளம் தெரியும்” என்றான்.

அந்தச் சொல்லுக்காகப் பல்லை உடைத்துக்கொண்டவன், என் வாசலில், என் நண்பர்கள் முன்னால் அதைச் சொன்னான். பிஜு வேறு “அதெந்தா அண்ணாச்சி, அந்தப் பேரு?” என்று ஆர்வமாகக் கேட்டான். எனக்குச் சுரீரென்றது.

“அதை நீயே வச்சுக்கோண்ணே. எனக்கு வேண்டாம்” என்றேன்.

அண்ணன் பாலைக் குடிக்காமல் தம்பானூருக்குப் போய் பஸ் ஏறினான். அதற்குப் பிறகு என் மனைவியும் மதினியும் போனில் பேசிக்கொள்கிறார்கள், நாங்கள் இருவரும் பேசுவதில்லை. கல்யாண வீடுகளில் வேறு வேறு பந்தியில் சாப்பிடுகிறோம். நான் சொன்னதை அவன் அப்படியே கேட்டு, அந்தப் பெயரைத் தானே வைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அன்றைக்கு அந்தத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவன் அதைக் கோபத்தில் வைத்தானா, ஆசையில் வைத்தானா என்பதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. பிடிக்காத பெயரில் எவனும் தினம் காலையில் வந்து உட்கார மாட்டான்.

எனக்கு அண்ணன் வேண்டும் என்று இருந்தது. போனை எடுத்துக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் யார் முதலில் இறங்கிவருவது என்ற கேள்வியில் நான் அவனுக்குச் சளைத்தவன் இல்லை. பேசாமலே தெரிவிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். என் புனைபெயராக ‘ஆராமம்’ என்று பதிவு செய்தேன். அது யாருக்கும் வேண்டாத பெயர், உடனே கிடைத்தது. அண்ணன் பார்த்தால் புரிந்துகொள்வான். ஒரு வார்த்தை திட்டுவான். “வந்துட்டியால சவமே” என்று எழுதினால் போதும், மறுநிமிஷம் போன் செய்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் புதிர் கொஞ்சம் கடினம். முடிந்தவரை போட்டுவிட்டு, அவன் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே கருத்து எழுதினேன்: ‘அவசானம்வரை நோக்கியும் ஒரு விடை கிட்டவில்லை.’ எழுதும்போது அது எனக்கு நல்ல தமிழாகத்தான் தெரிந்தது. கடைக்குப் போய், கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு முன்னால் ‘வெந்நீர்வீடு’ பதில் எழுதியது.

‘ஆராமம் அவர்களுக்கு: தாங்கள் மலையாள அன்பர் என்று தெரிகிறது. இந்த அளவுக்குத் தமிழ் எழுதுவதே பெரிய விஷயம். தொடர்ந்து முயலுங்கள். வாழ்த்துகள்.’

முதலில் சிரித்துவிட்டேன். பிறகுதான் என் வாக்கியத்தைத் திரும்பப் படித்தேன். ‘கடைசிவரை பார்த்தும்’ என்று வரவேண்டிய இடத்தில், மலையாளத்தை நான் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தேன். ஆனால் அண்ணனை அது ஏமாற்றியிருக்காது. அந்தப் பலகையை அவன் அர்த்தத்தோடு படித்தவன். தெரிந்தேதான் எழுதியிருக்கிறான். ‘லே’ போடாமல் என்னிடம் ஒரு வார்த்தை பேசியறியாத என் அண்ணன், பொறுமையாக உட்கார்ந்து, ‘தாங்கள்’ என்று எழுதியிருக்கிறான். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கீழே நாடோடிப் பறவை பறந்துவந்து, ‘தமிழுக்கு ஸ்வாகதம் சேட்டா!’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தது. அந்தப் பக்கத்தில் என்னை வரவேற்காதவர்கள் யாரும் பாக்கியில்லை. மண்வாசங்கள் இரண்டும் கைகூப்பியிருந்தன.

“அண்ணாச்சி, ஈ பில்லொன்னு நோக்கணே” என்று பிஜு தாளை நீட்டினான். பொறு என்று கையைக் காட்டிவிட்டு, பதில் எழுதும் கட்டத்தில் ‘அண்ணே’ என்று அடித்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன். அழித்துவிட்டு, ‘நன்றி ஐயா. முயல்கிறேன்’ என்று எழுதி அனுப்பினேன்.

உடனே, காத்துக்கொண்டே இருந்தவன்போல, அண்ணன் திரையில் ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.