வெள்ளிக்கிழமையின் கடைசி அத்தியாயம்

தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, தானா ராத்தா டவுனில், இடைநிலைப் பள்ளிக்கு முன் ஆங்கிலம் பழக்கும் ரிமூவ் கிளாஸ் படித்த வருடம், என் வயிற்றெரிச்சலுக்கு ஒரே காரணம் பெரியப்பா மகள். மூன்றே மாதம் மூத்தவள்; அதற்கு அக்கா என்று வேறு கூப்பிட்டுத் தொலைக்க வேண்டும்.

எங்களுக்கு ஆங்கிலம் வரவைக்க சார் துப்பறியும் கதைகளைக் கையில் எடுத்தார். திங்கள் முதல் வியாழன் வரை வாசிப்பார். பூட்டிய அறைக்குள் எவனாவது செத்துக் கிடப்பான். வியாழக்கிழமை, கொலைகாரன் யார் என்று துண்டுச்சீட்டில் எழுதித் தர வேண்டும். சரியாக எழுதினவர் மறுநாள் சார் மேசைக்குப் பக்கத்தில் நின்று கடைசி அத்தியாயத்தை உரக்க வாசிக்கலாம். அந்த இடத்துக்காக நான் உயிரை விட்டேன். ஏழு வாரமும் அக்காதான் வாசித்தாள். எஸ்டேட் லோரியில் என் பக்கத்திலேயே குலுங்கிக்கொண்டு வருகிறவளுக்கு அப்படி என்ன பெரிய மூளை?

"ஆளோட கையப் பாரு, காலப் பாரு. அப்புறம் பேசு" என்பார் சார். பார்த்தேன். திங்கட்கிழமைதோறும் அக்காவின் நகக்கண்ணில் நீலம். சனிக்கிழமைகளில் பெரியம்மாவோடு, ஆஸ்பத்திரியில் கிடந்த பெரியப்பாவைப் பார்க்கப் போகிறவள், பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். ஒருமுறை சாமான் வாங்க டவுனுக்குப் போனபோது, அவள் சார் வீட்டுப் பின்வாசலிலிருந்து வெளியே வருவதைக் கண்ணால் கண்டேன். அடிப்பாவி! கடைசி அத்தியாயத்தைப் பேனாவால் பார்த்து எழுதுகிறாள்!

அந்த வெள்ளிக்கிழமை அவள் வாசிக்க எழுந்ததும் நானும் எழுந்தேன். கதையில் வருகிறவர்கள் மாதிரியே கையை நீட்டி, சனிக்கிழமை, பின்வாசல், மை என்று ஒவ்வொன்றாக எடுத்து விட்டேன். வகுப்பே வாயைப் பிளந்தது. ஆகா, அப்படி ஒரு சுகத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

சார் வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"அது மை இல்ல. வெள்ளத் துணிக்குப் போடுற நீலம். அம்மாவும் நானும் சார் வீட்டுல துணி தொவைக்கிறோம்."

பின்பெஞ்சு சிரித்தது. ஒருவன் தன் சட்டையைத் தூக்கிக் காட்டி, "இதையும் தொவச்சுக் குடுலா" என்றான். சார் அவனை வெளியே அனுப்பினார். கதைப் புத்தகம் எதுவும் பள்ளி அலமாரியை விட்டுத் தன் வீட்டுக்கு வந்ததே இல்லை என்றார். அக்கா ஒரு சொல் தடுமாறாமல் கடைசி அத்தியாயத்தை வாசித்து முடித்தாள்.

லோரியில், "கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்ல. ஒங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதடி" என்றாள். அதோடு சரி.

அடுத்த வாரம் அவள் எழுதிய பெயர் தப்பு. அதற்கடுத்த வாரமும் தப்பு. மூன்றாவது வாரம், வியாழன் காலை லோரியில் அவளே கேட்டாள்: "அவ்வளவு மழையிலயும் தோட்டக்காரன் செருப்பு காஞ்சிருந்துச்சே, கவனிச்சியா?" நான் தோட்டக்காரன் என்று எழுதினேன். அவள் சமையல்காரன் என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் மேசைக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். அக்காவுக்கு மூளை மழுங்கிவிட்டது, எனக்கு வளர்ந்துவிட்டது என்று அந்த வருடம் முழுக்க எஸ்டேட்டில் வீடு வீடாக, லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.