எல்வுட் ஊரில் இருந்தால் பனி வராது

எல்வுட் பிரிட்சர்டைப் போலப் பனிக்காக உயிரை விடுகிற இன்னொரு ஆள் பென்சில்வேனியா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்க மாட்டான். அவனைப் போலப் பனியைக் கோட்டைவிட்ட ஆளும் கிடைக்க மாட்டான். இரண்டும் ஒரே தலையில் எழுதியிருக்கிறது, என்ன செய்ய.

ஹேசில்டனுக்கு மேலே மலையில் எங்கள் ஊர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்வுட்டுக்கு வேலை. அறுபத்து மூன்று வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் வீட்டுக்குப் பின்னால் வெள்ளைப் பெயின்ட் அடித்த சதுரப் பலகை ஒன்றைப் போட்டுவைப்பான். பனி அதன்மேல் விழ வேண்டும், இவன் அளவுகோலைச் செருகிப் பார்க்க வேண்டும். பலகைக்கு வருஷா வருஷம் புதிதாகப் பெயின்ட் அடிப்பான். பெரிய புயலின் பனி அதன்மேல் விழுந்ததுண்டு. அளக்க வேண்டியவன்தான் ஊரில் இருந்ததில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துப் புயலில் ஊரே கதவைத் திறக்க முடியாமல் கிடந்தபோது இவன் கடற்படையில், குவாம் தீவில் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தொண்ணூற்று ஆறில் பித்தப்பை ஆபரேஷன். மயக்கம் தெளிந்து ஜன்னலைப் பார்த்தால் எதிரே செங்கல் சுவர். அதற்கடுத்த பெரிய புயலில், மாதாகோவில் குலுக்கலில் விழுந்த பரிசில் பஹாமாஸ் தீவுக்குப் போயிருந்தான். அரைக்கால் சட்டையோடு ஹோட்டல் டிவியில் எங்கள் தெருவைப் பார்த்து அழுதானாம். கடைசியாக வந்ததற்கு வர்ஜீனியாவில் அக்கா புருஷன் சாவு. அங்கே மழை.

என் பெயர் லொரெய்ன். பேருந்து நிலையத்துக்கு எதிரே காலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் பின்வரிசை மேசையில் நாங்கள் எட்டுப் பேர் கூடுவோம். மற்ற மேசைகளில் முட்டையும் பன்றி வறுவலும் தின்றுகொண்டு கால்பந்து பேசுவார்கள். நாங்கள் பத்து நாள் கழித்து வரப்போகிற வானிலையைப் பேசுவோம். ஊரில் எங்களுக்குப் பனிப் பைத்தியங்கள் என்று பெயர். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்களுக்குச் சில சட்டங்கள் உண்டு, மீறினால் பனி வராது. முதல் துகள் விழுகிற வரை யாரும் இத்தனை அங்குலம் என்று வாயைத் திறக்கக் கூடாது. பனி அள்ளுகிற கருவி எதையும் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது. ஒரு வருஷம் எங்கள் மேசைக்காரன் காஸின் பெண்டாட்டி புது பூட்ஸ் வாங்கினாள், அந்தக் குளிர்காலம் முழுக்கத் தூறல்தான். அவள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. படித்த பெண்ணான ஜனெல் இருக்கிறாளே, பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லித்தருகிறவள், அவளே இதற்கெல்லாம் தலையை ஆட்டுகிறாள் என்றால் பாருங்கள்.

போன இரண்டு குளிர்காலமும் வெறும் சேறு. போன மாதம் ஒரு சனிக்கிழமை ஜனெல் மடிக்கணினியைத் திறந்து மேசை நடுவில் வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான வரைபடம். எங்கள் மலைமேல் ஊதா நிறம், அதாவது கனத்த பனி, அப்பிக் கிடந்தது.

"ஐரோப்பாக்காரன் வானிலைக் கணிப்பும் இதான், நம்ம அமெரிக்காக்காரன் கணிப்பும் இதான். ரெண்டு பேரும் ஒத்துப்போய் நான் பாத்ததே இல்ல," என்றாள்.

யாரும் அங்குலக் கணக்குச் சொல்லவில்லை. காபி ஆறிப்போனது. எல்வுட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

"இந்தத் தடவ நான் எங்கயும் போகல," என்றான். "கடைல லீவு போட்டாச்சு. பல்லு வலிச்சாக்கூட டாக்டர்கிட்ட போக மாட்டேன். ஒரே ஒரு தடவ, நல்லாக் கொட்டும்போது நடுவுல நிக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

ஆனால் புதன்கிழமை வந்த படத்தில் ஊதா தெற்கே நழுவியிருந்தது. வியாழக்கிழமை இன்னும் கொஞ்சம். இப்போது புயல் கரோலினாவை உரசிக்கொண்டு கடலுக்குள் ஓடுவதாகக் காட்டியது. எங்களுக்கு மிஞ்சியது நாலு துகள். அன்று சாயங்காலம் எல்லாரும் கூப்பிடாமலே என் கடைக்கு வந்துவிட்டார்கள், எழவு வீடு மாதிரி இருந்தது.

காஸ் டொம்ப்ராஸ்கி நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். எல்வுட்டோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். வாய்க்குப் பூட்டே கிடையாது.

"டேய் எல்வுட், தொண்ணூத்தி மூணுல நீ எங்கடா இருந்த?"

"உனக்குத் தெரியாதா?"

"தொண்ணூத்தி ஆறுல?"

"ஆஸ்பத்திரில."

"அப்புறம் பஹாமாஸ். அப்புறம் சாவு வீடு. பெருசா வந்தது நாலு, நாலுக்கும் நீ ஊர்ல இல்ல. போன ரெண்டு வருஷமா ஒரு நாள்கூட நகராம இங்கயே குந்திகிட்டு இருக்க. பனி வந்துச்சா?"

எல்லோரும் சிரித்தோம். வழக்கமாகச் செய்கிற கிண்டல்தான். ஆனால் சிரித்து முடித்த பிறகும் எல்லாருடைய கண்ணும் எல்வுட் மேலேயே இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவனைச் சும்மா விடு காஸ்," என்றேன். "புயல் என்ன இவன் எங்க இருக்கான்னு விசாரிச்சுட்டா வருது?"

"நீ அந்த பூட்ஸுக்கு என் பொண்டாட்டியத் திட்டல?"

நான் காலிக் கோப்பைகளை எடுக்க ஆரம்பித்தேன்.

ஜனெல் மெதுவாகச் சொன்னாள், "இதுல அறிவியல் ஒண்ணும் இல்லதான். ஆனா நாலுக்கு நாலு..." என்று நிறுத்திவிட்டாள். பாவி, அதையும் முழுங்கியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறக்கும்போதே எல்வுட்டின் கார் வாசலில் நின்றது. பின்சீட்டில் பெட்டி. கையில் அந்த வெள்ளைப் பலகை.

"க்வென் அக்கா வீட்டுக்குப் போறேன் லொரெய்ன். வர்ஜீனியால. ரொம்ப நாளா வா வான்னுட்டு இருக்கா."

"உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? அந்த வாயாடி சொன்னான்னு நீ ஊரவிட்டுப் போவியா?"

"காஸ் சொன்னதுக்காக இல்ல. நேத்து அவன் மூஞ்சியப் பாத்தேன். ரெண்டு வருஷமா வண்டிய எடுக்காம துடைச்சு துடைச்சு வெச்சிருக்கான். நீங்க ஏழு பேரும் ஏங்கிப்போய்க் கெடக்கீங்க. நான் இருந்து, பனி வரலன்னு வெச்சுக்க, வருஷம் முழுக்க எனக்கே உறுத்தும்." பலகையை என்னிடம் நீட்டினான். "உன் கொல்லைல போட்டுக்க. மரத்துக்கு அடியில போட்டுடாத. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ தொடைக்கணும். எனக்குப் போன் பண்ணிச் சொல்லு, போதும்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன். ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை' ஒன்றையும் ஒரு பாத்திரம் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையையும் அவன் காருக்குள் திணித்து, போய்த் தொலை என்று அனுப்பினேன். காஸ் எங்கிருந்தோ வந்து அவன் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்ததைச் சுரண்டிக்கொடுத்தான். அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

கேளுங்கள் இதை. எல்வுட் கிளம்பி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை, புதுப் படம் வந்தது. புயல் வடக்கே ஏறியிருந்தது. ஊதா மறுபடி எங்கள் மலைமேல்.

கடையில் விசில் பறந்தது. காஸ் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான், என் இடுப்பு இன்னும் வலிக்கிறது. சனிக்கிழமை ஊர் மளிகைக்கடையில் ரொட்டியும் பாலும் காலி. பள்ளிப் பிள்ளைகள் இரவு உடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுக்கப் போனதாகக் கேள்வி, அப்படிச் செய்தால் மறுநாள் பனி வந்து பள்ளிக்கூடம் லீவு விடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் திங்கள், பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நான் எல்வுட்டின் பலகையைக் கொல்லை நடுவில் போட்டு, பெருக்கி, ஒரு நாற்காலியையும் பக்கத்தில் வைத்தேன்.

ஞாயிறு விடிந்தது. வானம் சாம்பல். எட்டு மணிக்குச் சாம்பல். பத்து மணிக்கு, வயிறு எரிய எரியச் சொல்கிறேன், வெயில் வந்தது.

ஏழு பேரும் என் கடையில் உட்கார்ந்து ராடாரைப் பார்த்தோம். புயல் வரத்தான் வந்தது. எங்களுக்குத் தெற்கே மேரிலாந்து எல்லைவரை வந்து, யாரோ கோடு போட்டு நிறுத்தின மாதிரி நின்றுவிட்டது. வடக்கே ஒரு துகள் கிடையாது. காஸ் நகராட்சி மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு விடிகாலையிலேயே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தான். இப்போது தொப்பியை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, தட்டிலிருந்த கொழுக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் போயும் பனி வரலையே," என்றான்.

ஜனெல் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தாள். எங்கள் கண்ணுக்கு வரைபடத்தில் எங்கள் ஊர் மட்டும்தான் தெரியும். மற்ற இடமெல்லாம் ஓரத்து மரச்சட்டம் மாதிரி. இதுதான் எங்கள் வியாதி. அவள்தான் முதல்தடவையாகக் கீழே பார்த்தாள். ஊதா இல்லை, அதையும் தாண்டின கனத்த பனிக்கான வெள்ளை நிறத்தில் ஒரு பொட்டு, வர்ஜீனியாவுக்கு நடுவில்.

"லொரெய்ன், எல்வுட்டோட அக்கா எந்த ஊரு?"

"லிஞ்ச்பர்க்."

அவள் விரல் அந்த வெள்ளைப் பொட்டின்மேல் நின்றது. பிறகு காஸ் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், அது இங்கே வேண்டாம்.

போன் போட்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசைமேல் வைத்தேன். ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தவனுக்கு மூச்சு வாங்கியது.

"லொரெய்ன், நானே கூப்பிடணும்னு இருந்தேன். எப்டி சொல்றதுன்னு தெரியல. தப்பா எடுத்துக்காதீங்க எல்லாரும். நான் வேணும்னு பண்ணல. உங்களுக்காகத்தான் வந்தேன். இது என் பின்னாடியே வந்துருச்சு."

இந்த மனிதன் மன்னிப்புக் கேட்கிறான். ஜனெல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காஸ் போனுக்குமேல் குனிந்தான். "எவ்ளோடா?"

"வேணாம் காஸ்."

"சொல்றா. எவ்ளோ?"

"இருவத்தொரு அங்குலம். இன்னும் கொட்டுது. பலகைய உங்ககிட்ட குடுத்துட்டேன்ல, அக்காவோட இஸ்திரிப் பலகைய வெளிய போட்டு அளக்கறேன். அவ திட்டிட்டே இருக்கா. இங்க ஒருத்தர்கிட்டயும் பனி அள்ள ஒண்ணும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் கேக் தட்டால அள்ளுறாரு. அத்தானோட பழைய ரப்பர் பூட்ஸப் போட்டுகிட்டு நடுத் தோட்டத்துல நிக்கறேன். எதிர் வீடு தெரியல. எதுவுமே தெரியல."

அப்போதுதான் அது கேட்டது. போனுக்குள், அவன் குரலுக்குப் பின்னால், நிதானமாக ஒரு உருட்டல். லாரி இல்லை. நாங்கள் ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பனி கொட்டும்போது இடி இடிப்பதை எங்களில் யாரும் கேட்டதில்லை. அது கிடைக்காமலே செத்துப்போனவர்கள் எங்கள் மேசையில் உண்டு.

"எல்வுட், அது இடியா?" என்றாள் ஜனெல்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. பொறாமையில் எனக்கு நெஞ்சு வெந்தது, பொய் சொல்வானேன். அதே நேரம் சந்தோஷமாகவும் இருந்தது.

காஸ் போனைக் கையில் எடுத்தான். "எல்வுட், நான் சொல்றதக் கேளு. பேசாத. எங்களுக்காகப் போன்ல நிக்காத. போன வெச்சுட்டு அண்ணாந்து பாரு."

"நீங்க..."

"வெச்சுடுடா," என்று காஸே அணைத்துவிட்டான். பிறகு எழுந்து வெளியே போய், வெயிலில் அந்த வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான்.

எல்வுட் புதன்கிழமை திரும்பி வந்தான். குளிரில் மூக்கு உரிந்திருந்தது. கடைக்குள் வரும்போது திருடன் மாதிரி வந்தான். நாங்கள் எழுந்து நின்றோம், வேறென்ன செய்யத் தெரியும் எங்களுக்கு.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. போன சனிக்கிழமை ஜனெல் மறுபடி மடிக்கணினியை மேசை நடுவில் வைத்தாள். மறுபடி ஊதா. காஸ் நாற்காலியை இழுத்து எல்வுட் பக்கத்தில் போட்டான்.

"நீ எங்க போற இந்தத் தடவ?"

எல்வுட் முகம் வாடிப்போனது. "காஸ், நான் வேணும்னா..."

"எங்க போறன்னு கேட்டேன். எங்க போனாலும் நாங்களும் வர்றோம். பெரிய வேன் சொல்லி வெச்சிருக்கேன்."

எல்வுட்டுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. ஏழு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"நான் எங்கயும் போகல," என்றான். "வீட்லதான் இருப்பேன்."

"அப்ப நாங்களும் அங்கதான்."

அதனால்தான் இதை எல்வுட் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் முட்டைக்கோஸ் சூப். கூடத்தில் சீட்டாட்டம். காஸின் பனி தள்ளும் வண்டி வாசலை அடைத்து நிற்கிறது, கூப்பிட்டால் நேராக இங்கிருந்தே வேலைக்குப் போய்விடுவானாம். பலகை புதுப் பெயின்ட்டோடு கொல்லையில் கிடக்கிறது. எவ்வளவு வரும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

ஒரு துகள் விழுந்ததாக காஸ் கத்துகிறான். அவன் பேச்சை நம்ப முடியாது. எல்வுட் செருப்புகூடப் போடாமல், வெறும் சாக்ஸோடு வெளியே போய்விட்டான்.