ஜோடிப் பாட்டுக்கு ஆள் இல்லை

என் வீட்டுக்காரருக்கு நல்ல குரல். பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வரைக்கும் எங்கள் ஆட்கள் யார் கண்ணை மூடினாலும் முதல் போன் சொந்தக்காரர்களுக்குப் போகும், இரண்டாவது போன் இவருக்கு வரும். பெட்டி வருகிறவரை, பாஸ்டர் வருகிறவரை, வெளியூரில் இருக்கிற பிள்ளை வந்து சேருகிறவரை தலைமாட்டில் யாராவது நின்று பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். இவர் போய் நின்று ஆரம்பித்தால், சொத்துத் தகராறில் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பிகூட ஒரே துண்டில் மூக்கைச் சிந்துவார்கள். அப்படி ஒரு குரல். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரல் எனக்காக ஒரு வரி பாடியதில்லை.

"செத்தவங்களுக்கு பாடுறீங்க, உயிரோட இருக்கறவளுக்கு பாட மாட்டீங்களா?" என்று கேட்டால், "அது ஊழியம்மா" என்பார். அப்போ நான் இன்னா, ஓவர்டைமா?

எனக்கு இந்தப் பாட்டுக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவிலிருந்து சரக்கு வாங்க வருகிற பையர் ஒருவர், தையலைச் சரிபார்க்கும்போது மூக்காலேயே எதையோ முனகிக்கொண்டிருப்பார். என்ன பாட்டு என்று ஒருநாள் கேட்டேன். அவருடைய அம்மா காலத்து மேடை நாடகப் பாட்டாம். ஆணும் பெண்ணும் மேடையில் பேசிக்கொண்டே இருப்பார்களாம், பேச்சு போதாமல் போகிற இடத்தில் அது பாட்டாக மாறிவிடுமாம். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடிக் கேட்டேன். அதற்கப்புறம் விட முடியவில்லை.

எந்தக் காலத்துப் பாட்டுகள்! பாடினவர்களும் போய்விட்டார்கள், டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்களும் போய்விட்டார்கள். தோல் வாசனையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அதில் என்ன வந்தது என்று நானே யோசித்துப் பார்த்திருக்கிறேன். நம் சினிமாவில் டூயட் வந்தாலே இரண்டு பேரும் காதலித்து முடித்தாயிற்று என்று அர்த்தம். அப்புறம் மலைக்குப் போவார்கள், பனியில் மெல்லிசுச் சேலையோடு அவள் நடுங்குவாள், வாய் ஒருத்தருடையது குரல் இன்னொருத்தருடையது. எனக்கும் அது பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அமெரிக்க ஜோடிகளில் பாதிப்பேர் பாட்டு ஆரம்பிக்கும்போது எதையும் ஒப்புக்கொள்வதே இல்லை. வீம்பு பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பாட்டு முடிவதற்குள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள் என்பது கூடத்தில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தெரிந்துவிடும், அவர்களுக்கு மட்டும் தெரியாது.

இன்னொன்று இருக்கிறது. எனக்கு அதுதான் உயிர். அவள் ஒரு சரணம் முழுக்கப் பாடும்போது அவன் சும்மா நிற்கிறான். போனை நோண்டுவதில்லை, "சரி சரி, விஷயத்துக்கு வா" என்று சொல்வதில்லை. நின்று கேட்கிறான். அப்புறம் அவளுடைய ராகத்தையே எடுத்துக்கொண்டு அவளுக்குப் பதில் பாடுகிறான். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேறு வேறு வார்த்தைகளைப் பாடுவார்கள், இரண்டும் தெளிவாகக் காதில் விழும். எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அதற்குப் பெயர் சண்டை. அந்தப் பாட்டுகள் இத்தனை காலம் சாகாமல் இருப்பதற்கு ராகம் காரணம், வார்த்தை காரணம் என்றெல்லாம் படித்தவர்கள் சொல்லலாம். ஒருத்தி சொல்வதை ஒருத்தன் முழுசாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறான், அதுதான் காரணம் என்பது என் கட்சி. அந்த மாதிரி ஆள் எல்லா ஊரிலும் கம்மி போலிருக்கிறது.

எங்கள் சர்ச்சில் வருஷத்துக்கு ஒருமுறை இசை மாலை நடக்கும். முதல் பாதியில் கீர்த்தனைகள். நடுவில் சமோசா, டீ. இரண்டாம் பாதியில் தமிழோ இங்கிலீஷோ எந்த நல்ல பாட்டும் பாடலாம். இந்த வருஷம் அந்தப் பழைய மேடை டூயட்டுகளில் ஒன்றைப் பாடப்போகிறேன் என்று பெயர் கொடுத்தேன். கொயரில் நல்ல குரலுள்ள ஒருவர் கூடப் பாடுகிறேன் என்று ஒப்புக்கொண்டும் இருந்தார்.

சர்ச் கமிட்டி விடுமா? ஆணும் பெண்ணும் சேர்ந்து காதல் பாட்டுப் பாடினால் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடப்பிறந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். போன வருஷம் ஒரு அண்ணனும் தங்கையும் உருகி உருகி ஒரு காதல் பாட்டைப் பாடினார்கள். அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான், தங்கை வாசற்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கமிட்டிக்கு ரொம்பத் திருப்தி. கூடத்தில் ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை, எனக்குத்தான் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"வீட்டுக்காரர வச்சுக்கினு வேற ஆளு எதுக்கும்மா? நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார் செயலாளர்.

"அவரு பாட மாட்டாரு சார்."

"இன்னாம்மா சொல்ற? நேத்துகூட சாவுல பாடினாரே!"

அன்று வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். சண்டையில்லாமல், மரியாதையாக, டீ கொடுத்துவிட்டுக் கேட்டேன். எனக்கு வேறெதுவும் வேண்டாம், நான் ஒரு சரணம் பாடினால் நீங்கள் ஒரு சரணம் பதில் பாட வேண்டும், ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால். அவ்வளவுதான்.

"இங்கிலீஷ் நம்ம வாய்ல வராதும்மா."

தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாடுவீங்கதானே?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா பாடுவேன்னு அர்த்தமா, மாட்டேன்னு அர்த்தமா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்னு அர்த்தம்."

கல்லில் நார் உரிப்பது என்று சும்மாவா சொன்னார்கள்! தினமும் சாயங்காலம் நான் போனில் இசையைப் போட்டு என் பாகத்தைப் பாடுவேன். அவருடைய பாகம் வரும்போது இவர் செருப்பைத் துடைப்பார், மோட்டார் போட்டாயிற்றா என்று மாடிக்குப் போவார், இல்லாவிட்டால் கொட்டாவி விடுவார். "அன்னிக்கி பாடிக்கலாம், நீ பாடு" என்பார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கம்பெனியில் என் பக்கத்து மேஜைக்காரி, வீட்டில் உருது பேசுகிறவள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பேஜாரு புடிச்ச மனுஷன்க்கா. சந்தோஷம்னா தொண்ட அடச்சுக்குது, மய்யத்துன்னா தொறந்துக்குது." சிரித்தேன். பாத்ரூமில் போய் அழவும் செய்தேன்.

இசை மாலை அன்று மதியம் அவருக்கு போன் வந்தது. இவர் பேரணாம்பட்டு டேனரியில் வேலை செய்கிறார். தோலைப் போட்டு உருட்டுகிற பெரிய பெரிய மர டிரம்கள் இருக்கிற செக்‌ஷன். அங்கே இவரோடு வேலை செய்கிற தோஸ்துடைய பெண்சாதி செத்துப்போய்விட்டாள். ரொம்ப நாளாகப் படுக்கையில் இருந்தவள்.

"ரெண்டு பாட்டு பாடிட்டு வந்துடுறேன். பாஸ்டர் வந்ததும் கிளம்பிடுவேன்" என்று சட்டையை மாட்டினார்.

"ஏழு மணிக்கு நம்ம பாட்டு."

"வந்துடுறேம்மா. அவன் தனியா நிக்கிறான்."

புருஷன் சீட்டாடப் போனால் கத்தலாம், குடிக்கப் போனால் ஊரைக் கூட்டலாம். சாவு வீட்டுக்குப் போகிறவனை எப்படித் தடுப்பது? கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் பண்ணிவிட்டாரே என்பதுதான் இன்னும் எரிந்தது.

வரவில்லை. சமோசா முடிந்தது, டீ முடிந்தது, என் பெயரைக் கூப்பிட்டார்கள். பட்டுப்புடவையும் மல்லிகையுமாக மேடையில் நான் ஒருத்தி, எனக்கு முன்னால் இரண்டு மைக். "தனியாவே பாடும்மா, யாருக்குத் தெரியப்போவுது" என்று ஓரத்திலிருந்து செயலாளர் கை காட்டினார். பாடினேன். என் பாகத்தையும் பாடினேன், அவர் பாகத்தையும் நானே பாடினேன். அது ஆம்பிளை சுருதி, கீழே இறங்க இறங்க எனக்குக் குரலே இல்லை, தொண்டையில் காற்றுதான் வந்தது. நானே கேட்டு, நானே பதில் சொல்லி, நானே கும்பிட்டுவிட்டு இறங்கினேன். கை தட்டினார்கள். பரிதாபத்துக்குத் தட்டுகிற சத்தம் எனக்குத் தெரியாதா?

அன்று இரவு இவர் வந்து, "அடக்க ஆராதனை லேட்டாயிடுச்சு, பஸ்ஸு கெடைக்கல" என்றார். நான் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எங்களுக்குள் பேச்சு இல்லை. உப்பு ஜாஸ்தியா கம்மியா என்றுகூட அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேரணாம்பட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனோம். போகாமல் இருக்க முடியாது. நான் சாவுக்கும் போகவில்லையே. அந்த மனுஷன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். இளைத்துப்போயிருந்தார். கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரிக் கதை சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்க பாட்டத்தான்க்கா நான் பாடச் சொன்னேன்" என்றார்.

"எந்தப் பாட்டு?"

"அதான், நீங்க ரெண்டு பேரும் சர்ச்ல பாடறதுக்கு வச்சிருந்தீங்களே, இங்கிலீஷ் பாட்டு. டிரம்மு ஓடுற சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சுக்கினு அண்ணன் டெய்லி பாடுவாரு. நான் பக்கத்துலயே நிக்கிறவன், எனக்கு கேக்காதா? ரெண்டு மாசமா அதே பாட்டு. சட்டப் பையிலேருந்து பேப்பர எடுத்துப் பாப்பாரு, பாடுவாரு, மடிச்சு வச்சுக்குவாரு. நான் வீட்டுக்கு வந்து இவகிட்ட அந்த ராகத்த இழுத்துக் காட்டுவேன். அர்த்தம் எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நல்லாருக்குன்னு சொல்லுவா. அதனாலதான் அன்னிக்கி பாஸ்டர் வர்றதுக்குள்ள அத ஒருக்கா பாடுங்கண்ணேன்னு கேட்டேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாடினாரு. பாதியில நிறுத்திட்டாரு. முடிஞ்சிதுன்னு எல்லாரும் நெனச்சோம். ரொம்ப நேரம் அப்பிடியே சும்மா நின்னாரு. இன்னாண்ணே ஆச்சுன்னு கேட்டேன். இருப்பா, இது என் வூட்டுக்காரி பாடற எடம்னாரு. அப்புறந்தான் மிச்சத்தப் பாடினாரு."

அந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துக்க வீட்டில் நானும் துடைத்துக்கொண்டேன். அது துக்கமில்லை, சுத்தமான கோபம்.

ஆம்பூர் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு மாசம்! ரெண்டு மாசமா டிரம்முகிட்ட பாடியிருக்கீங்க, மாட்டுத் தோலுகிட்ட பாடியிருக்கீங்க. வீட்ல கூவிக்கினு இருந்தேனே, என்கிட்ட ஒரு வரி பாட வாய் வரல உங்களுக்கு?"

"மெதுவா பேசும்மா."

"மெதுவா பேசி பேசித்தான் இந்த கதியில நிக்கிறேன். சொல்லுங்க, ஏன் பாடல?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீ மூஞ்சியவே பாத்துக்கினு இருப்ப" என்றார். "எனக்கு வராது. தோலு திரும்பிப் பாக்காது இல்ல."

"பொணமும் பாக்காது."

"ஆமா."

ஒப்புக்கொள்கிறாரே மனுஷன்! என்னால் அடக்க முடியவில்லை. "அப்ப நான் செத்து நீட்டிப் படுத்தாத்தான் எனக்குப் பாடுவீங்க, இல்ல?" என்று கத்தியேவிட்டேன். முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் எங்கள் பக்கம் வராமல் பின்னால் போய்விட்டார்.

இவர் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல "பாக்கலாம்" என்பார் என்றுதான் நினைத்தேன்.

"மாட்டேன்" என்றார். "அப்ப உன் பாகத்த யாரு பாடறது?"

இத்தனை வருஷத்தில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் நேராகச் சொன்ன முதல் பதில் அது. அதையும் சொல்கிற இடமா அது, கூட்டமான பஸ்ஸில், கண்டவர்கள் பார்க்க? திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.