சாயங்கால ஊதல்

மாமா பட்டாளத்து ஊதுகுழலான பியூகிளை உதட்டில் வைத்தபோது அந்த உதடு நடுங்கியதைப் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. நடுங்கினால் கிழவராகிவிட்டார் என்று அர்த்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த அர்த்தம்.

மாமா அம்மாவின் அண்ணன். முதல் உலகச் சண்டையில் பாஸ்ரா வரை போய்ப் பட்டாளத்துக்கு ஊதிவிட்டு வந்தவர். வந்தபின் புதுச்சத்திரத்துப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வாத்தியார். புரட்டாசிச் சனிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியமும் அவர்தான். பள்ளியில் மணி கிடையாது. காலையில் ஓர் ஊதல், சாயங்காலம் ஓர் ஊதல். சாயங்கால ஊதல் கேட்டால் சிலேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டும். திரும்பிப் பார்த்தால் பிரம்பு. இருபது வருஷப் பையன்களின் கால்களுக்குள் அந்த ஊதல் இறங்கியிருந்தது.

இரண்டாம் உலகச் சண்டைக்கு ஆள் எடுக்கச் சந்தைக்கு லாரி வருகிறது, வாத்தியார்தான் ஊதி ஏற்றிவிட வேண்டும் என்று தாலுக்காவிலிருந்து உத்தரவு. மறுத்தால் வேலை போய்விடும். என் அண்ணன் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். சந்தைக்கு முந்தின நாள் அம்மா மாமாவிடம் போனாள்.

"ஏனுங்கண்ணா, நீங்களே ஊதி என்ற பையனை ஏத்தியுடப் போறீங்களா?"

"நான் ஊதாட்டியும் போவான் அம்மிணி. நானுமே அப்பிடித்தான் போனேன்."

"நீங்க வந்துட்டீங்கல்ல."

"நாலு பேரு போனோம்" என்றார் மாமா.

அம்மா திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

சந்தையில் அண்ணன் உட்பட மாமாவிடம் படித்த ஒன்பது பேர் வரிசையாக நின்றார்கள். மார்பளவு எடுத்தாகிவிட்டது. ஊதியதும் ஏற வேண்டும். மாமா பழைய காக்கிக் கோட்டில் மெடலோடு நின்று, கண்ணை மூடி ஊதினார்.

வந்தது சாயங்கால ஊதல்.

ஒன்பது பேரும் சட்டென்று திரும்பினார்கள். இரண்டு பேர் வெற்றிலைக் கடை வரைக்கும் ஓடினார்கள். ஒருவன் இல்லாத சிலேட்டை அக்குளில் இடுக்கினான். சந்தை சிரித்த சிரிப்பில் கோழிகள் கூடையைப் புரட்டின.

"என்ற ஆடுக ஒருநாளும் இப்பிடிச் சொன்ன பேச்சுக் கேட்டதில்லீங்க வாத்தியாரே" என்றார் மேச்சேரி ஆட்டு வியாபாரி.

எட்டுப் பேர் வெட்கத்தோடு வரிசைக்குத் திரும்பினார்கள். அண்ணன் மட்டும் திரும்பவில்லை. பத்தடி தள்ளி நின்று, தன்னைத்தான் வீட்டுக்குப் போகச் சொன்னாரா என்று கேட்பதுபோல் மாமாவையே பார்த்தான். அம்மா அவனருகே போய் நின்றாள், தொடவில்லை.

பட்டாளத்து அதிகாரி மாமாவின் முகத்துக்கு நேராக வந்தார்.

"வேணும்னே ஊதினீரா?"

சிரிப்பு அறுந்தது. மாமா பியூகிளைக் கீழே இறக்கினார். ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று பயந்துபோனேன். பாவாடையை அள்ளிப் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடினேன்.

"அவருக்கு மறதிங்க சாமி. வயசாயிருச்சுங்க. நேத்தும் ஒரே பாடத்தை ரெண்டு தடவை நடத்துனாருங்க."

அது பொய்யில்லை. அதிகாரி என்னைக் குனிந்து பார்த்தார். இறுக்கம் தளர்ந்தது.

"அப்படியா வாத்தியாரே?"

மாமா அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக அண்ணனைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தான்.

"ஆமாங்க" என்றார் மாமா. "மறதிதானுங்க."

அண்ணன் முகத்தில் எதற்கோ காத்திருந்த ஒன்று அணைந்தது. "போயிட்டு வாரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து முதல் ஆளாக லாரியில் ஏறினான். பர்மாவிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அவன் வரவில்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நாந்தாம்மா மாமாவைக் காப்பாத்துனேன்."

"ஆமா கண்ணு" என்றாள் அம்மா.

பிறகு ஏன் அவள் நடையை எட்டிப்போட்டு, நான் ஓடியும் பிடிக்க முடியாத தூரத்திலேயே ஊர் வரை போனாள் என்று எனக்கு விளங்கவில்லை. வெயில் தாளாமல் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.