கணக்கக்காவும் வயர்மேனும்

பொருட்காட்சித் திடலில் அவளுக்குக் கணக்கக்கா என்றுதான் பேர். ஊர் ஊராகப் போகும் அந்தப் பொருட்காட்சியில் அக்காவும் தம்பியும் சக்கரக்கடை போட்டிருந்தார்கள். பத்துக் கொடுத்தால் ஒரு சுற்று. பன்னிரண்டு கட்டங்களில் எட்டு காலி. மூன்றில் சோப்பு டப்பா, விலை பன்னிரண்டு. ஒன்றில் டிபன் கேரியர், விலை முப்பத்தாறு. கூவி ஆள் சேர்த்துச் சுற்றுவது தம்பி. கட்டங்களையும் பரிசுகளையும் வகுத்தவள் அக்கா.

சக்கரத்துக்குப் பின்னால் காந்தம் வைக்கலாமா என்று தம்பி ஒருமுறை கேட்டுவிட்டான்.

"எதுக்குடா? பன்னெண்டு பேர் சுத்தினா நூத்தி இருபது வருது. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு தடவை நின்னா பரிசுக்குப் போறது எழுபத்திரண்டு. ஆளுக்கு ஆறு திரும்பிப் போகுது, நாலு நம்மகிட்ட நிக்குது. நேர்மையாவே நாலு நிக்கும்போது திருட்டுத்தனம் எதுக்கு?"

"வரிசையா கேரியரா விழுந்து தொலைச்சா?"

"ஒரு நாள் விழும், ஒரு வாரம்கூட விழும். சீசன் முடியறப்ப பாரு, அந்த ஆறுக்குப் பக்கத்துலதான் வந்து நிக்கும்."

பாடப்புத்தகத்தில் அந்த ஆறுக்கு எதிர்பார்ப்பு மதிப்பு என்று பெயர். அக்கா ஏழாவதோடு நின்றவள். பெற்றோர் அடுத்தடுத்துப் போய்விட, எட்டு வயதுத் தம்பியை ஆளாக்க வேண்டியிருந்தது. இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. ஒரு கால் சூம்பியிருந்ததால் நாலு பேர் முன்னால் நடக்கக் கூசுவாள். திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். யாருக்காவது பரிசு விழுந்தால் மட்டும் வெளியே வந்து கையில் கொடுத்துவிட்டுப் போவாள். தம்பியிடம் விட்டால் சோப்பு டப்பாவுக்குக் கேரியரைத் தூக்கிக் கொடுத்துவிடுவான்.

கடைகளுக்கு விளக்குப் போடும் வயர்மேன் தினமும் ஆறு மணிக்கு வருவார். ஒரே ஒரு சுற்று. காலிக் கட்டத்தில் நின்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். மனைவியை இழந்து ஒன்பது வருடம் ஆனவர். குடி, பீடி எதுவும் கிடையாது. திரையின் ஓட்டை வழியே பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. இருபத்தேழாம் நாள் சோப்பு டப்பாவை நீட்டியபடி சொல்லியே விட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க. மூணுக்கு ஒண்ணு பரிசு விழணும். இருபத்தேழுக்கு ஒம்பது. உங்களுக்கு இதோட அஞ்சுதான். தினமும் எதுக்குங்க வீணா?"

வயர்மேன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ கணக்குப்படி ஒம்பது தடவை உங்களைப் பார்த்திருக்கணும். நாலு தடவை நஷ்டம்."

எந்தக் கூட்டலுக்கும் விரலை மடக்காதவள் நாலு விரலை மடக்கிப் பார்த்தாள். காதுமடல் சூடானது. "சும்மா வந்து பார்த்தா யாரு வேணாம்னா?" என்று கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

"சும்மா வர்றதுக்கு ஒரு சாக்கு வேணுமே. பத்துக்குக் கிடைச்சுது."

மறுநாளிலிருந்து அவர் சக்கரம் சுற்றவில்லை. திரைக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி வந்தது. இரண்டு டம்ளர் டீ ஆறியது தெரியாமல் பேசினார்கள். தம்பி நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், ஐந்தாம் நாள், "நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று உடைந்து அழுதான்.

"போடா லூசு. அவர் எந்தத் திடலுக்கு வயர் இழுக்கிறாரோ அங்கதானே நம்ம கடையும்? எங்கடா போறேன்?" தலையைக் கோதிவிட்டாள்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வயர்மேனிடம் போனான். "அக்காவுக்குக் கோபம் வந்தா சுள்ளுன்னு பேசும். தாங்குவீங்களா?"

"கரெண்ட்டோட இருபது வருஷம் குடித்தனம் நடத்தினவன்டா நான்."

"அப்போ சரி, மாமா" என்றான் தம்பி.

ஒரு புதன்கிழமை காலை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட தம்பிக்குப் பேனா மை கட்டைவிரல் முழுக்க ஆகிவிட்டது. அக்கா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். நாலு மணிக்குத் திடல் திறந்துவிடும் என்பதால், மூன்று பேரும் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்கள்.