மூன்று ஷிப்டும் பார்த்த பூனை

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஓர் அட்டை தொங்கும். "நைட் ஷிப்ட் முடித்தவர் தூங்குகிறார். மணி அடிக்காதீர்கள்." கல்யாணமான புதிதில் என் மனைவி சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது. பதினெட்டு வருடத்தில் எழுத்து வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. அதிகாரம் மட்டும் வெளுக்கவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் அட்டையைப் பார்த்தால் சிலிண்டரைக் குழந்தையைப் படுக்கவைப்பது போல இறக்கிவைத்துவிட்டுப் போவார்.

அட்டையில் இருப்பது பாதிக்கு மேல் பொய்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஓர் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, நாலு இட்லி சாப்பிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். மதியம் ஒன்றரை வரை தூங்குகிறேன் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. ஒன்பதரைக்கே விழித்துவிடுவேன் என்பது உண்மை. மிச்சம் நாலு மணி நேரமும் திரைச்சீலையை மூன்று விரல் அகலம் விலக்கி, மெத்தைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருப்பேன். தலையணை கனத்துக்கு இருக்கும் வெளிநாட்டு நாவல்கள், துப்பறியும் கதைகள், பழைய பயண நூல்கள், எல்லாமே அந்த மூன்று விரல் வெளிச்சத்தில் முடித்தவை. "சார் நெறைய படிச்சவரு" என்று எங்கள் பிளாக்கில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எப்போது படித்தேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கதவுக்கு வெளியே நடப்பதுதான் கொடுமை. மிக்ஸி ஓடாது. குக்கர் விசில் அடிக்காது. சோறு வடித்துத்தான் ஆக வேண்டும். சட்னியை என் மனைவி சின்ன அம்மியில் அரைப்பாள். என் மகள் பேசப் பழகியதே ரகசியக் குரலில்தான். எல்.கே.ஜி. டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, "பாப்பா ஏன் எல்லாத்தையும் காதுலயே வந்து சொல்லுது?" என்று விசாரித்தார்.

ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு மாதப் பொய்யை ஒப்புக்கொள்ளலாம். பதினெட்டு வருடப் பொய்யை யாரிடம் போய் ஒப்புக்கொள்வது? அதற்குள் அது வீட்டில் ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

இந்த நிலையில்தான் பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் ஒரு முந்திரி அட்டைப்பெட்டியோடு வந்து நின்றாள். உள்ளே ஒரு பூனைக்குட்டி. சாம்பல் நிறத்தில் வரி வரியாக இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, மூடி போட்ட ஸ்கூட்டருக்கு அடியில் கிடந்ததாம்.

"ப்ளீஸ்ப்பா. சத்தமே போடாதுப்பா." அதையும் ரகசியக் குரலில்தான் சொன்னாள்.

என்னிடம் காரணங்கள் தயாராக இருந்தன. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு அடுக்களை. மண் தட்டை எங்கே வைப்பது? மெத்தை, சோபா, அரிசி மூட்டை எல்லாம் என்ன கதியாகும்? லீவுக்கு ஊருக்குப் போனால் யாரிடம் விடுவது? எல்லாமே நியாயமான காரணங்கள். உண்மையான காரணத்தை மட்டும் சொல்ல முடியாது. எங்கள் படுக்கையறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. எங்களுக்கு முன் குடியிருந்தவர் காலத்திலேயே விழுந்துவிட்டது. காகிதத்தை மடித்துச் செருகித்தான் கதவை நிறுத்துவோம். இத்தனை வருடமும் என்னைக் காப்பாற்றியது மரியாதை. பூனைக்கு அது கிடையாது. சாத்திய கதவைக் கண்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடாத பிறவி.

என் மனைவி எனக்காக வாதாடினாள். அவள் பிறந்தது திருவதிகை. உணர்ச்சி வந்துவிட்டால் டவுன்ஷிப் தமிழ் கழன்று ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"வேணாம்டி. உங்கப்பா பாவம். ராவெல்லாம் கண்ணு முழிச்சிக்கினு வந்து படுக்கறாரு. இது கத்திக்கினே இருந்தா மனுசன் எப்படித் தூங்குவாரு?"

வேறு யாரோ செய்த நல்ல காரியத்துக்கு என் கழுத்தில் மாலை விழுந்தது போலக் கூசியது. அதைவிட மோசம், பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கால் கட்டைவிரல் குட்டியின் வயிற்றை வருடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அது வேண்டும். என் தூக்கத்துக்காக விட்டுக்கொடுக்கிறாள். இல்லாத தூக்கத்துக்காக.

குற்ற உணர்ச்சி வந்தால் நான் தாராள மனசுக்காரனாகிவிடுவேன். "சரி, கான்ட்ராக்ட்ல எடுப்போம்" என்றேன். "மூணு வாரம், மூணு ஷிப்ட். மூணையும் ஒழுங்கா பார்த்தா பர்மனென்ட். இல்லன்னா படிக்கட்டுக்கே திருப்பி அனுப்பிடணும். அது வரைக்கும் யாரும் பேரு கீரு வைக்கக்கூடாது. பேரு வெச்சா பர்மனென்ட் ஆயிடும்."

நைட் ஷிப்ட் வாரத்தில் தோற்றுவிடும் என்பது என் கணக்கு. கதவைப் பிறாண்டிய உடனே கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து, "ஒரு நாளாவது என்னைத் தூங்க விடுங்க" என்று முனகினால் போதும். பாவமும் பார்க்கப்படுவேன், பூனையும் போய்விடும்.

முதல் வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ். படுக்கையறையிலிருந்து வாசலுக்கு எட்டு எட்டு வைக்க வேண்டும். அந்த எட்டுக்குள் பூனை மூன்று முறை குறுக்கே போயிற்று. எங்கள் வீட்டின் அளவுக்குப் பூனையால் நேரே போகவே முடியாது. எங்கே போனாலும் யாருக்காவது குறுக்கேதான்.

"ஒரு நிமிசம் ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் மனைவி.

"இதெல்லாம் மூடநம்பிக்கை."

பிளாக்கில் பகுத்தறிவு பேசும் ஒரே ஆள் நான். நிமிர்ந்த தலையோடு படியிறங்கினேன். பாதிப் படியில் தாகமெடுத்தது. திரும்பி ஏறினேன். "தாகமா இருக்கு" என்றேன். மனைவி டம்ளரை நீட்டினாள். நான் குடித்து முடித்து எழுந்த நேரம் பார்த்துப் பூனை மறுபடி குறுக்கே நடந்தது. மறுபடி உட்கார்ந்தேன். கீழே பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். இதைப் பூனையின் மேல் புகாராகக் கொடுக்க வேண்டுமானால் நான் எதற்காகத் திரும்பி வந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனவே முதல் வாரம் பாஸ்.

இரண்டாம் வாரம் செகண்ட் ஷிப்ட். இஸ்திரி போட்டு வைத்த காக்கிப் பேண்டின் மேல்தான் தூங்குவேன் என்று பூனை முடிவு செய்தது. கன்ட்ரோல் ரூமில் கூட வேலை பார்ப்பவர் என் தொடையில் ஒட்டியிருந்த மயிரைப் பார்த்து, "என்னா சார், வூட்ல புதுசா ஆள் எடுத்திருக்கீங்களா?" என்றார். அந்த வாரமே குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், சந்தையில் கால் கிலோ நெத்திலி வாங்கி வந்தேன். பூனைக்காக இல்லை. எனக்கு நெத்திலி பிடிக்கும் என்பது ஐம்பத்திரண்டு வயதில்தான் எனக்கே தெரிந்தது.

மூன்றாம் வாரம். அட்டை வாசலில் ஏறியது.

திங்கட்கிழமை பூனை கதவுப் பக்கமே வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா தூங்குறாங்க" என்று காதில் ஓதிப் பழக்கிவிட்டிருந்தாள். இவர்கள் ஒரு பூனையைக்கூட எனக்காக மௌனமாக்கிவிட்டார்கள். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பிறாண்டலாவது கேட்காதா என்று காத்துக் கிடந்தேன்.

புதன்கிழமை பதினோரு மணி வாக்கில், செருகியிருந்த காகிதம் தானாக விழுந்தது. கதவு நாலு அங்குலம் திறந்தது. பூனை உள்ளே வந்து, கட்டிலில் தாவி, என் வயிற்றின் மேல் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்தது.

திட்டப்படி நான் முனகியிருக்க வேண்டும். ஆனால் நான் படித்துக்கொண்டிருந்த இடம் அப்படி. நாவலில் ஊரையே நடுங்க வைத்த ஜமீன்தார் ஒருவர், பல் பிடுங்க வந்த வைத்தியர் இடுக்கியைக் கையில் எடுத்ததும், அதுவரை செய்த பாவங்களை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ள ஆரம்பிக்கிறார். பதினெட்டு வருடமாக இப்படிப்பட்ட இடங்களில் தலையணையைக் கடித்துக்கொண்டுதான் சிரித்திருக்கிறேன். ஒரு நல்ல பக்கத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்ட முடியாமல் படிப்பது, விருந்தை இருட்டில் சாப்பிடுவது மாதிரி. இப்போது முதல் முறையாக எதிரே இரண்டு காதுகள். இரண்டும் என் பக்கம் திரும்பியிருந்தன.

மெல்லிய குரலில் ஒரு பத்தி படித்தேன். பூனை அசையவில்லை. அடுத்த பத்தி. ஆனால் ஜமீன்தாரை ரகசியக் குரலில் படிக்க முடியாது. அவருக்கென்று ஒரு குரல் வேண்டும். கொடுத்தேன். வைத்தியருக்கு மூக்கால் பேசும் குரல். இடுக்கிக்குக்கூட ஒரு சத்தம் வைத்தேன்.

வெளியே ஹாலில் என் மனைவியும் கீழ்வீட்டு அக்காவும் உட்கார்ந்து, மூச்சுவிடாமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தூங்குகிற மனிதனின் அறையிலிருந்து, "ஐயோ வைத்தியரே! அந்தப் பசுமாட்டைத் திருடியதும் நான்தான்!" என்று ஓர் அலறல் வந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது என்று இரண்டு பேரும் ஓடிவந்து கதவைத் தள்ளினார்கள்.

நான் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன். மூக்கில் கண்ணாடி. ஒரு கையில் புத்தகம். மறு கை என் தாடையைப் பிடித்திருந்தது. மடியில் பூனை.

"காய்ச்சலாங்க?" என்று மனைவி கேட்டாள். அப்போதும் ரகசியக் குரல்தான்.

கீழ்வீட்டு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் காதில், "தூங்கும்போது கண்ணாடி போட்டுக்கினா படுப்பாரு?" என்றார்.

"இல்ல... ஒம்பதரைக்கே முழிச்சிட்டேன்" என்றேன்.

"இன்னைக்கா?"

தப்பிக்கக் கதவு அகலத் திறந்திருந்தது. ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் ஜமீன்தார் அப்போதுதான் மாட்டைத் திருடியதையே ஒப்புக்கொண்டிருந்தார். அந்த வேகம் எனக்கும் தொற்றிவிட்டிருந்தது.

"தினமும்" என்றேன். "கல்யாணமான வருசத்துலேருந்து."

என் மனைவி என் கண்ணாடியையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து நிற்கலாமா, உட்கார்ந்தே இருக்கலாமா என்று தெரியாமல் நான் பூனையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டில், அந்த நேரத்தில், கேட்டேயிராத முழுக்குரலில் அவள் சொன்னாள்:

"அப்ப நான் எதுக்குங்க இத்தினி வருசமா அம்மியில அரைச்சிக்கினு கெடந்தேன்?"

அவள் அடுக்களைக்குப் போனாள். மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. மூன்றாவது ஸ்பீடு. எட்டிப் பார்த்தேன். ஜாரில் ஒன்றுமே இல்லை. வெறுமனே ஓடவிட்டு, இடுப்பில் கைவைத்து, அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குக்கரை ஏற்றினாள். டிவியைப் போட்டாள். நாலாவது விசிலில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையாகத்தான் இருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். இல்லை, சிரிப்புதான். கீழ்வீட்டு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "திருட்டுத் தம் அடிக்கிற ஆம்பளைய பாத்திருக்கேன், திருட்டுத் தண்ணி போடறவனப் பாத்திருக்கேன். இது திருட்டுப் படிப்புக்கா!" என்றாள். இரண்டு பேரும் கீரை மேலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். பூனை மட்டும் சத்தத்துக்குப் பயந்து என் சட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டது. அந்த வீட்டில் என் கட்சியில் இருந்த ஒரே ஜீவன்.

அன்று அரை நாள்தான் பள்ளி. பன்னிரண்டரைக்கே மகள் வந்தாள். வாசலில் அட்டை தொங்குகிறது. உள்ளே மிக்ஸி, விசில், டிவி. பையைப் படியிலேயே போட்டுவிட்டு, "அப்பாவுக்கு என்னாச்சு?" என்று அலறிக்கொண்டே ஓடிவந்தாள். நைட் ஷிப்ட் வாரத்தில் எங்கள் வீட்டில் சத்தம் கேட்டால் நான் செத்திருக்க வேண்டும் என்பது அவள் முடிவு. நான் சோபாவில் உட்கார்ந்து பூனைக்கு நெத்திலி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைக் கேட்டு அவளும் சிரித்து முடித்தபின், மெதுவாக, "அப்ப பூனை?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பூனை பர்மனென்ட். உங்கப்பாவைத்தான் இப்பலேருந்து கான்ட்ராக்ட்ல வெச்சிருக்கோம். அந்தப் பல்லு புடுங்குற கதைய நாளைக்கு ஹாலுக்கு வந்து சத்தமா படிக்கணும். நான் வேலை செஞ்சிக்கினே கேப்பேன். மிக்ஸி ஓடுறப்போ நிறுத்திட்டு, அப்பறம் படிக்கணும்."

மறுநாள் காலை அப்படியே ஹாலில் வந்து உட்கார்ந்தேன். இட்லி சாப்பிட்டிருந்தேன். புத்தகத்தைப் பிரித்தேன். பூனை வந்து அந்தப் பக்கத்தின் மேலேயே படுத்து, தொண்டையில் ஏதோ மோட்டார் ஓட்ட ஆரம்பித்தது. அடுக்களையில் மிக்ஸி. மிக்ஸி நிற்கட்டும் என்று காத்திருந்தேன். காத்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள். மனைவி. மதியம் இரண்டு மணி. டிவி ஓடிக்கொண்டிருந்தது, குக்கரில் ஆவி போய்க்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனைக்கும் நடுவில் நான் ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறேன். கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக, அட்டையில் எழுதியிருந்தது உண்மையாகியிருந்தது.

"எழுந்திரிங்க" என்றாள், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே. "பல்லைப் புடுங்கினாரா இல்லியா?"

எனக்கும் தெரியாது. பூனை இன்னும் அந்தப் பக்கத்தின் மேல்தான் படுத்திருந்தது.